மாலுமிகள் மிஷன் சுவரில் ஓர் அரச அடிக்கல்: அது கட்டடத்தின் வயதைச் சொல்லுமா?

நீங்கள் கேட்டது, பார்வைக்கு ஒரே கேள்வி. இங்கிலாந்தில் நீங்கள் வசிக்கும் துறைமுக ஊரில் பழைய மாலுமிகள் மிஷன் (மாலுமிகளுக்கு உதவும் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம்) கட்டடம் ஒன்று. வாசலுக்கு இடப்புறம் இடுப்பளவு உயரத்தில் வெளிர்நிறக் கல். 'டியூக் ஆஃப் யார்க் இந்தக் கல்லை நாட்டினார்' என்ற வாசகம் தெரிகிறது. ஆண்டில் 19 மட்டும் இருக்கிறது, மீதி இரண்டு இலக்கம் தேய்ந்துவிட்டது. கட்டடம் எந்த ஆண்டைச் சேர்ந்தது? ஆனால் உங்கள் பதிவின் பின்பாதியில் இன்னும் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அடிக்கல் என்றால் மண்ணுக்குள் அல்லவா இருக்க வேண்டும், இது ஏன் சுவரில்? உள்ளே நாணயப் பெட்டி இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா? கட்டடத்தைக் குடியிருப்புகளாக மாற்றும் வேலை தொடங்குமுன் ஊர்க்காரர்கள் பிரஷர் வாஷரால் கல்லைக் கழுவப் போகிறார்களாம், சரியா? கடைசிக் கேள்வி அவசரம் என்பதால் அதற்கு முதலில் பதில்: கழுவ வேண்டாம், நிறுத்தச் சொல்லுங்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

'அடி' என்ற சொல்தான் குழப்புகிறது. நம்மூர்க் கால்கோள் விழாவில் குழி தோண்டி, நவதானியம் தூவி, மஞ்சள் குங்குமம் வைத்த செங்கல்லைக் குழிக்குள் இறக்குவார்கள். அந்தச் செங்கல்லை அதற்குப் பிறகு யாரும் பார்க்கப்போவதில்லை. பெயர் பொறித்த பளிங்குப் பலகை தனி. அதற்குத் திரையும் ரிமோட் பொத்தானும் உண்டு. பிரிட்டிஷ் வழக்கத்தில் இந்த இரண்டும் ஒன்றாகவே இருந்தன. சுவரைத் தாங்கும் கல்லே எழுத்தையும் தாங்கியது. எழுத்தைப் பிறர் படிக்க வேண்டும் என்பதால் கல் மண்ணுக்கு மேலே வந்தே ஆகவேண்டும். எனவே அஸ்திவாரம் தோண்டி, கான்கிரீட் போட்டு, பீடவரி (தரைக்குச் சற்று மேலே நிற்கும் அடிச்சுவர்) வரை சுவரை எழுப்பி, ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டு வைப்பார்கள். இளவரசர் வருகிற நாளில் அந்த இடத்துக்குத்தான் கல் இறங்கும். மேடையும் கம்பளமும் போட்டு, வந்தவர் குனியாமல் சாந்துக் கரண்டி பிடிக்கும் உயரத்துக்குக் கணக்குப் பண்ணியிருப்பார்கள். இடுப்பளவு உயரம் அப்படி வந்ததுதான். ஆக, 'முதல் கல்' என்ற பேச்சு மரியாதைக்குச் சொல்வது. அதற்குக் கீழே நூற்றுக்கணக்கான செங்கற்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்.

விழா நடக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் கல்லை ஆராயும்போது எதைத் தேடுவது என்பது புரியும். 90 செ.மீ. நீளம், 60 உயரம், 30 கனம் உள்ள போர்ட்லண்ட் சுண்ணாம்புக் கல் ஏறக்குறைய 350 கிலோ இருக்கும். கிரானைட் என்றால் 430 கிலோவைத் தொடும். இதை முக்காலியும் கப்பியும் கட்டி அந்தரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். முன்முகத்தில் கயிறு படக்கூடாது என்பதற்காகக் கல்லின் மேற்பரப்பில் வாய் குறுகி அடி அகன்ற குழி ஒன்று வெட்டி, அதில் லூயிஸ் என்னும் மூன்று கால் இரும்புப் பிடியைச் செருகுவார்கள். ஆப்பு வடிவான இரண்டு கால்கள் முதலில், நேரான நடுக்கால் கடைசியில். தூக்கத் தூக்க அது இறுகும். கீழ்க்கல்லில் ஒரு பொந்து வெட்டப்பட்டு அதில் புட்டி வைக்கப்படும். அதன்மேல் தகடு, தகட்டின்மேல் சுண்ணாம்புச் சாந்து. விருந்தினர் வெள்ளிக் கரண்டியால் சாந்தைப் பரப்புவார், கல் மெல்ல இறங்கும், ரசமட்டமும் தூக்குக்குண்டும் பிடித்துப் பார்ப்பது போலப் பார்ப்பார், மரச்சுத்தியால் மூலைகளில் தட்டி 'செவ்வனே நாட்டப்பட்டது' என்று அறிவிப்பார். விருந்தினர் கிளம்பிய பிறகு கொத்தனார் கல்லைத் திரும்பத் தூக்கிச் சாந்தைச் சரியாக வைத்து இறக்கியதும் உண்டு. அந்த வெள்ளிக் கரண்டியை மறந்துவிடாதீர்கள். அதன் தட்டையான இலைப்பகுதியில் கட்டடத்தின் பெயர், நாட்டியவர் பெயர், நாள் மூன்றும் பொறித்துக் கொடுப்பது வழக்கம். இப்படிப்பட்ட கரண்டிகள் ஏலப் பட்டியல்களிலும் ஊர் அருங்காட்சியகங்களிலும் அடிக்கடி தட்டுப்படும். கல்லில் தேய்ந்துபோன இலக்கம் கரண்டியில் பளிச்சென்று இருக்கலாம்.

இப்போது ஆண்டு. கல்லில் உள்ள தேதி விழாவின் தேதி மட்டுமே. கட்டடம் தொடங்கியதையோ முடிந்ததையோ அது சொல்லாது. இளவரசரின் நாட்குறிப்பில் எந்த நாள் காலியாக இருந்தது என்பதைத்தான் சொல்லும். மாலுமிகளுக்காகக் கட்டிய வீடுகளிலிருந்தே உதாரணம் தருகிறேன். லிவர்ப்பூலில் விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட், 1846 ஜூலை 30 அன்று தன் பெயர் கொண்ட கப்பல் துறையைத் திறந்தார். ஊரில் இருக்கும்போதே என்று மறுநாள் மாலுமிகள் இல்லத்துக்கும் அடிக்கல் நாட்டினார். இல்லம் திறந்ததோ 1850 டிசம்பரில். பம்பாயில் அவர் மகன் இளவரசர் ஆல்பிரட் 1870இல் வந்தபோது ராயல் ஆல்பிரட் மாலுமிகள் இல்லத்துக்குக் கல் நாட்டினார். கட்டட வேலை 1872இல்தான் தொடங்கியது, முடிந்தது 1876இல். எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்த அந்த இல்லம்தான் பிறகு பம்பாய்ச் சட்டமன்றமாகி, இன்று மகாராஷ்டிரக் காவல்துறைத் தலைமையகமாக நிற்கிறது. கல்லின் ஆண்டை வைத்து 'இது 1870ஆம் ஆண்டுக் கட்டடம்' என்று எழுதினால் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை பிழை.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. லண்டன் லைம்ஹவுஸில் ஆசிய, ஆப்பிரிக்க, தென்கடல் தீவு மாலுமிகளுக்காக எழுந்த அந்நியர் இல்லத்துக்கு அதே ஆல்பர்ட் 1856 மே 31இல் கல் நாட்டினார்; அடுத்த ஆண்டு ஜூனிலேயே கதவு திறந்துவிட்டது. இந்தியாவிலிருந்து கப்பலில் கூலிக்கு வந்து, ஊர் திரும்ப வழியின்றி லண்டன் குளிரில் மாட்டிக்கொண்ட லஸ்கர்கள் தங்கிய இடம் அது. நாடிழந்து இங்கிலாந்தில் இருந்த பஞ்சாபின் துலீப் சிங்கும் அதற்குப் பணம் கொடுத்தார். லண்டன் ராதர்ஹித்தில் உள்ள நார்வே மாலுமிகளின் செயின்ட் ஓலாவ் ஆலயமும் இதே வகை: பட்டத்து இளவரசர் ஓலாவ் 1926இல் கல் நாட்டினார், 1927இல் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. ஒரு வழிகாட்டிப் பலகை 1926 என்றும் இன்னொன்று 1927 என்றும் சொன்னால் இரண்டில் ஒன்று தவறு என்று நினைத்துவிடாதீர்கள். அவை வேறு வேறு நாட்களைச் சொல்கின்றன. இந்த இடைவெளிக்குப் பொதுச் சூத்திரம் ஏதும் கிடையாது. விழாவன்று கையில் எவ்வளவு நன்கொடை சேர்ந்திருந்தது என்பதே பெரும்பாலும் அதைத் தீர்மானித்தது. அரச விழாவை நடத்துவதே நன்கொடை சேர்ப்பதற்காகத்தான். இளவரசியின் கையில் பெண்களும் குழந்தைகளும் வரிசையாகப் பணப்பைகளைக் கொடுப்பதும், கல்லின் மேலேயே காசோலை வைப்பதும் அந்தக் காலத்து நடைமுறை.

உங்கள் கல்லில் தேய்ந்த இலக்கத்துக்கு வருவோம். இங்கே பட்டம் நல்ல கடிகாரம். யார்க் டியூக் என்ற பட்டம் பிரிட்டிஷ் அரச குடும்பத்து இளவரசர்களுக்கு விட்டு விட்டு வருவது. மூன்றாம் ஜார்ஜின் இரண்டாம் மகன் பிரெடரிக் 1784 முதல் 1827 வரை. பிறகு நெடுங்காலம் யாருமில்லை. 1892இல் ஜார்ஜுக்கு, அதாவது பின்னாளைய ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு, அது வந்தது. 1901 ஜனவரி 22 அன்று விக்டோரியா அரசி இறந்ததும் அவர் 'டியூக் ஆஃப் கார்ன்வால் அண்ட் யார்க்' ஆனார். அதே ஆண்டு நவம்பர் 9 அன்று வேல்ஸ் இளவரசர் ஆகிவிட்டார். அவருடைய இரண்டாம் மகன் ஆல்பர்ட், பின்னாளைய ஆறாம் ஜார்ஜ், 1920 ஜூனில் யார்க் டியூக் ஆகி, 1936 டிசம்பரில் அரியணை ஏறும்வரை அப்படியே இருந்தார். அடுத்து 1986இல்தான் ஆண்ட்ரூவுக்கு. ஆகவே 19 என்று தொடங்கி வெறும் 'டியூக் ஆஃப் யார்க்' என்று நிற்கும் பழைய கல்லுக்கு இரண்டே காலப்பகுதிகள்: 1900 தொடக்கம் முதல் 1901 ஜனவரி வரையுள்ள ஒரு வருடச் சொச்சம், அல்லது 1920 நடு முதல் 1936 முடிவு வரையுள்ள பதினாறரை ஆண்டு. இதுவரை உறுதி. இனி ஊகம்: நிகழ்தகவு இரண்டாவது பக்கம் கனமாகச் சாய்கிறது. தொழிற்சாலைகளுக்கும் இளைஞர் முகாம்களுக்கும் ஓயாமல் போய்வந்த டியூக் அவர். இந்த இரண்டாவது பகுதிதான் என்று உறுதியாகி, கல்லில் டியூக்கோடு அவர் மனைவியான டச்சஸ் பெயரும் இருந்தால் 1923 ஏப்ரல் 26க்குப் பிறகு என்று இன்னும் நெருக்கலாம். அவர் எலிசபெத்தை மணந்தது அன்றுதான்.

ஒரு எச்சரிக்கை: நீங்கள் 9 என்று படிப்பது உண்மையிலேயே 9தானா என்று மறுபடி பாருங்கள். தேய்ந்த 8இன் கீழ் வளையம் இடப்பக்கம் அழிந்தால் அச்சு அசல் 9 போலவே தெரியும். 18 என்றால் கணக்கு 1892க்கும் 1899க்கும் இடையில் போய்விழும், டியூக்கும் மகனல்ல, தந்தை. இதைக் கட்டடமே ஓரளவு காட்டிக்கொடுக்கும். உருக்குச் சட்டச் சன்னல்கள், கான்கிரீட் உத்தரங்கள், கான்கிரீட் தளம் எல்லாம் கட்டடத்தோடு பிறந்தவையாக இருந்தால் 1920, 30களைச் சொல்லும். ஆனால் சன்னல் மாற்றக்கூடியது என்பதால் இது சாட்சி மட்டுமே, தீர்ப்பு ஆகாது.

கல்லின் மற்ற வரிகளையும் விடாதீர்கள். அடியில் சிறிய எழுத்தில் கட்டடக்கலைஞர், ஒப்பந்ததாரர் பெயர்கள் இருக்கும். புல்லும் மண்ணும் மேலேறி அவற்றைத்தான் முதலில் மூடும். நிறுவனத்தின் பெயரும் உதவும். பறக்கும் தேவதைக் கொடி கொண்ட ஆங்கிலிக்கன் மிஷன் 1856இல் தொடங்கியது. 'சீமென்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'சீஃபேரர்ஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டது 2000இல்தான். பழைய கல் என்று காட்டப்படும் ஒன்றில் அந்த மிஷனின் புதிய பெயர் இருந்தால் அது பிற்காலப் பலகை. ஐந்தாயிரத்து எண்ணூறு, தொள்ளாயிரம் என்று புரியாத ஓர் ஆண்டு தெரிந்தால் திகைக்க வேண்டாம். அது ஃபிரீமேசன்கள் என்னும் சடங்குகள் நிறைந்த சகோதரத்துவச் சங்கத்தாரின் ஆண்டுக்கணக்கு, 4000ஐக் கழித்துவிடுங்கள். 5875 என்றால் 1875. பக்கத்திலேயே கவராயமும் மூலைமட்டமும் பொறித்திருக்கும், கல்லும் பெரும்பாலும் வடகிழக்கு மூலையில் இருக்கும். பின்னாளைய ஏழாம் எட்வர்டு 1875 முதல் 1901 வரை இங்கிலாந்து ஃபிரீமேசன்களின் தலைவராக இருந்தார் என்பதால் அந்தக் காலத்து அரச கற்களில் இந்த அடையாளங்கள் அபூர்வமல்ல. நம்மூருக்கும் அவர் கை பட்டிருக்கிறது: சென்னைத் துறைமுகத்துக்கு 1875 டிசம்பர் 15இல் கல் நாட்டியவர், அன்று வேல்ஸ் இளவரசராக இருந்த அவரே. கட்டிக்கொண்டிருக்கும்போதே 1881 நவம்பர்ப் புயல் அலைதடுப்புச் சுவர்களை உடைத்துப்போட்டது. அரச அடிக்கல் என்பது கட்டுமானத்துக்கு உத்தரவாதம் ஏதும் இல்லை!

கல்லில் வெட்டிய தேதியே தப்பாகவும் இருக்கலாம். எழுத்து விழாவுக்கு முன்பே வெட்டப்படுவது. விருந்தினருக்குக் காய்ச்சல் வந்தாலோ, அரண்மனையில் துக்கம் நேர்ந்தாலோ நாள் தள்ளிப்போகும், பதிலுக்கு வேறொருவர் வருவார். கல்லில் வெட்டிய எழுத்து மட்டும் பழையபடியே நிற்கும். ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா 1902 ஜூன் 26லிருந்து ஆகஸ்ட் 9க்குத் தள்ளிப்போனபோது, ஜூன் தேதி போட்ட நினைவுக் குவளைகள் ஏராளமாக விற்றுத் தீர்ந்திருந்தன; இன்றும் சந்தைகளில் கிடைக்கின்றன. குவளைக்கு நேர்ந்தது கல்லுக்கும் நேரும். அதனால் கல்லைப் படித்ததோடு நிற்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வேறு சான்றும் தேடுங்கள். உள்ளூர் நாளிதழ், விழாவுக்கு மறுநாள் இதழ். அரச குடும்பத்தாரின் அன்றாட நிகழ்ச்சிகளைச் சொல்லும் கோர்ட் சர்க்குலர், நாளேடுகளில் வெளியானது. நகராட்சி ஆவணக் காப்பகத்தில் கட்டட வரைபட அனுமதிப் பதிவேடு. மூன்றில் கடைசியைத்தான் நான் அதிகம் நம்புவேன், ஏனென்றால் அதில் யாரையும் புகழ வேண்டிய தேவை இல்லை. வேலை எப்போது தொடங்கியது என்பதற்கு மிக நெருக்கமான சான்றும் அதுவே.

தேய்ந்த எழுத்தைப் படிக்கக் கல்லைத் தொடவே வேண்டியதில்லை. இருட்டிய பிறகு போங்கள். கைவிளக்கைக் கல்லின் முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போல் 10 பாகைச் சாய்வில் பிடியுங்கள். அரை மில்லிமீட்டர் பள்ளம்கூட நீள நிழல் வீசும். கேமராவைத் தாங்கியில் அசையாமல் வைத்து, விளக்கை மட்டும் இடம், வலம், மேல், கீழ் என நகர்த்தி நான்கு படமாவது எடுங்கள். செங்குத்துக் கோடுகள் பக்க வெளிச்சத்திலும், கிடைக்கோடுகள் மேல் வெளிச்சத்திலும் எழும். ஒரே படத்தில் இரண்டும் வராது. 1க்கும் 7க்கும் குழம்புவது இதனால்தான். நம்மூர்க் கல்வெட்டாளர் போல மைப்படி எடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கருங்கல்லுக்கு அது பொருந்தும். நனைத்த தாளை வைத்துத் தூரிகையால் அடிப்பதும் மை ஒற்றுவதும் பொரிந்துபோன சுண்ணாம்புக் கல்லுக்கு ஆகாது. அடியில் தூள் உதிரும், மை துளைக்குள் இறங்கி நிரந்தரக் கறையாகும். சுண்ணக்கட்டி, மாவு, சவர நுரை பூசிப் படிக்கும் பழக்கமும் அதே குற்றம்.

எழுத்து வெட்டியதா, ஈயம் பதித்ததா என்று கிட்டத்தில் பாருங்கள். ஈய எழுத்தானால் ஆழமற்ற பள்ளம் வெட்டி, அதன் அடியில் சாய்வாகச் சிறு துளைகள் போட்டு, ஈயத் தகட்டை அடித்து உள்ளே இறக்கியிருப்பார்கள். ஈயம் பெயர்ந்து விழுந்தாலும் துளைகள் நிற்கும். ஒரே நேர்கோட்டில் மேலிருந்து கீழாக மூன்று துளை என்றால் 1. மேலே கிடையாக இரண்டு, பிறகு சாய்ந்து இறங்கினால் 7. வட்டமாகச் சுற்றி வந்தால் 0. வட்டமும் வாலும் என்றால் 6 அல்லது 9, வால் எந்தப் பக்கம் என்பதைப் பார்க்க வேண்டும். மிஞ்சியிருக்கும் முழு எழுத்துகளின் துளை அமைப்பை முதலில் ஒரு தாளில் வரைந்துகொண்டு, பிறகு அழிந்ததோடு ஒப்பிடுங்கள். கல்வெட்டியவர் கை ஒரே மாதிரிதான் துளை போட்டிருக்கும். நீங்கள் பதிவோடு போட்ட படத்தில் எழுத்தைச் சுற்றிக் கருமை தெரிகிறது. அது ஈயமா, வண்ணமா, புகைப்படலமா என்பதைப் படத்தை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியாது. நகத்தால் சுரண்டிப் பார்க்காமல் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள்.

பெட்டி விஷயம். இருக்கக்கூடும் என்பதே நேர்மையான விடை. அந்த ஆண்டு நாணயங்கள், அன்றைய நாளிதழ், நன்கொடையாளர் பட்டியல், விழா நிகழ்ச்சி நிரல் ஆகியவை கண்ணாடிப் புட்டியிலோ ஈயப் பெட்டியிலோ வைக்கப்படுவது வழக்கம். நாளிதழ்ச் செய்தியில் அதற்கென்று ஒரு வரி இருந்தால் உறுதியாகும். ஆனால் முதலில் கல் உண்மையிலேயே கல்தானா, பலகையா என்று பாருங்கள். மூலைக்கல்லாக இருந்தால் பக்கவாட்டில் முழுக்கனம் தெரியும். சுவரின் நடுவில் இருந்தால் அதன் மேல் கீழ் இணைப்புகள் பக்கத்துச் செங்கல் வரிகளோடு நேராக ஓடுகின்றனவா என்று கவனியுங்கள். வரிகளோடு சேராமல், நான்கு மூலையிலும் பித்தளை ஆணி மூடியோடு நின்றால் அது ஐந்தாறு சென்டிமீட்டர்ப் பலகை, பொந்துக்கு இடமில்லை. உண்மையான அடிக்கல்லில் பொந்து கல்லுக்குள் இருப்பதைவிடக் கீழ்க்கல்லில் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆகவே முகத்தில் துளை போட்டுத் தேடுவது முட்டாள்தனம், எழுத்து மட்டும் பாழாகும். தேடியே ஆகவேண்டும் என்றால் தரையூடுருவும் ராடார் உண்டு, அல்லது இணைப்புச் சாந்தில் 6 மி.மீ. துளைவழி எண்டோஸ்கோப் என்னும் மெல்லிய குழாய்க் கேமரா விடலாம். இரண்டும் தொழில் தெரிந்தவர் வேலை.

கிடைத்தாலும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். தக்கையும் அரக்கும் ஒரு நூற்றாண்டு தாங்குவது அபூர்வம். ஈரம் இறங்கி நாளிதழ் கூழாகியிருக்கும். அக்காலத்து மரக்கூழ்த் தாளின் அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளைத் தூளாக்கியிருக்கும். அந்தத் தூள் நஞ்சு, கையுறை இல்லாமல் தொடக்கூடாது, ஊதக்கூடாது. மேயரை நிறுத்திக் கேமரா முன்னால் திறப்பதுதான் இருப்பதிலேயே மோசமான முறை. ஈரத் தாள் காற்றுப்பட்டு உலர்ந்தால் பிரிக்க முடியாத கட்டியாகும். கிடைத்த நிலையிலேயே கிடையாக வைத்து, குளிர்ச்சியாக மூடி, காப்பாளரிடம் கொண்டுபோக வேண்டும்.

இனி கழுவுதல். பிரஷர் வாஷர் ஏன் கூடாது? போர்ட்லண்ட் போன்ற சுண்ணாம்புக் கல்லின் மேற்தோல் நகரப் புகையால் ஜிப்சமாக மாறியிருக்கும். அந்தத் தோலிலேயே எழுத்தின் விளிம்பு நிற்கிறது. அழுத்த நீர் அழுக்கோடு தோலையும் உரித்துவிடும். கல் மணற்கல்லாக இருந்து, அதன் படிவு அடுக்குகள் செங்குத்தாக நிற்கும்படி வைத்திருந்தால் இன்னும் மோசம்: அப்பளம் போல ஏடு ஏடாகக் கழலும், ஓர் ஏட்டோடு ஒரு வரி முழுக்கப் போகும். துறைமுக ஊர் என்பதால் கல்லுக்குள் உப்பும் இருக்கும். நீரை ஏற்றினால் உப்பு கரைந்து ஆழமாகப் போய், உலரும்போது படிகமாகி உள்ளிருந்து கல்லை வெடிக்க வைக்கும். கழுவிய மறுமாதம் வெள்ளைப் பூப்பு தெரிந்தால் அதுதான் நடக்கிறது. அதை மறுபடி கழுவாமல் உலர்ந்த மென்தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். அமிலம் சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கும், நுரைத்துக்கொண்டே. பிளீச்சிங் கரைசல் உப்பைக் கூட்டும். கம்பித் தூரிகையின் இரும்புத் துகள் கல்லில் சிக்கித் துருப்புள்ளிகளாகும். சிலிக்கோன் பூச்சு ஈரத்தை வெளியேறவிடாமல் பூட்டும். ஊர்க்காரர்களுக்கு ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்றால், கல் உறுதியாக இருக்கும் இடத்தில் மட்டும், சுத்தமான நீர் கொஞ்சம், இயற்கை முடித் தூரிகை, கீழிருந்து மேலாக, உறைபனி இல்லாத காலத்தில். விரலால் தடவினால் தூள் ஒட்டுகிற கல்லுக்கு அதுவும் கூடாது.

எழுத்துக்குக் கறுப்பு வண்ணம் தீட்டும் ஆசையும் எழும். உளிப்பள்ளத்தின் அடியில் பழைய வண்ணமோ பொன்தகடோ துணுக்காக ஒட்டியிருந்தால் அதுவே சான்று, புது வண்ணம் அதை அழித்துவிடும். இன்னொரு பொதுவான கெடுதல், சுற்றிலும் சிமெண்ட் பூசுவது. சிமெண்ட் கல்லைவிடக் கடினம், ஈரம் விடாது. ஈரம் கல்வழியே வெளியேறும்போது கல்லின் ஓரம் முதலில் பொரியும். இணைப்பைச் சரிசெய்ய ஒரு பங்கு மென்மையான நீர்ச்சுண்ணாம்புக்கு ஏறக்குறைய மூன்று பங்கு மணல் போதும். கல்லிலிருந்து துருநிறக் கோடு வழிந்தாலோ, மூலையில் முடியளவு விரிசல் இருந்தாலோ உள்ளே இரும்புக் கொக்கி துருவேறுகிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு பருமன், கல்லைப் பிளக்காமல் விடாது. இதை மேலே பூசி மறைக்க முடியாது, கல்தச்சர் திறந்து பார்க்க வேண்டும்.

வேலை தொடங்குமுன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கட்டடம் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்னும் அரசுப் பாரம்பரிய அமைப்பின் தேசியப் பட்டியலில் இருக்கிறதா என்று இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இருந்தால் கல்லை எடுப்பதோ உருமாற்றுவதோ 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி முன் அனுமதி இல்லாமல் குற்றம். பட்டியலில் இல்லையென்றால் திட்ட அனுமதிக் கோப்பின் மீது கருத்துச் சொல்லும் கெடு முடியுமுன், கல் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்று நகராட்சிக்கு எழுதிக்கொடுங்கள். லிவர்ப்பூல் மாலுமிகள் இல்லம் 1970களில் இடிக்கப்பட்டபோது அதன் வார்ப்பிரும்பு வாயில் எங்கோ போய், 2011இல்தான் ஊர் திரும்பியது. எடுத்து வைத்ததெல்லாம் அப்படித் திரும்பிவருவதில்லை. கட்டாயம் நகர்த்தியே ஆகவேண்டும் என்றால் இணைப்பைக் கைவாளால் அறுக்கச் சொல்லுங்கள், வட்ட அறுப்பான் கூடாது. நகர்த்தாவிட்டாலும் சாரம் கட்டும் நாளில் கல்லுக்கு முன்னால் ஒட்டுப்பலகை நிற்க வேண்டும். காற்றோட ஓர் அங்குல இடைவெளி விட்டு, சாரத்தில் கட்டி, ஒட்டுநாடாவும் ஆணியும் கல்லில் படாமல். அளவுகோல் வைத்து எடுத்த நான்கு பக்க வெளிச்சப் படங்களில் ஒரு நகல் ஊர்க் காப்பகத்துக்கு, ஒன்று ஒப்பந்ததாரருக்கு.